முதியோர் தோளில் கிழிந்த தசைநாண்: தைக்க வேண்டியது எப்போது?

வெள்ளாற்றின் தென்கரையில் லப்பைக்குடிக்காடு. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி. பெரம்பலூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள இந்தப் பேரூரில் அறுபதைக் கடந்த ஒருவருக்குத் தோள்பட்டை வலி வந்தால் நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் தைலம், ஒத்தடம். அடுத்து மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை. ராத்திரியில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனபின் பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ பயணம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ‘தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்ற செய்தியோடு வீடு திரும்புகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு அறிக்கையின் படம் வாட்ஸ்அப்பில் போகிறது. ‘கிழிந்திருக்கிறது என்றால் தைத்துவிட வேண்டியதுதானே, எவ்வளவு ஆகும்?’ என்று அங்கிருந்து கேள்வி வருகிறது. பாசத்தில் பிறந்த கேள்விதான். ஆனால் அது ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. கிழிசல் இருக்கிறது என்பதும், வலிக்குக் காரணம் அந்தக் கிழிசல்தான் என்பதும், தைத்தால் அது ஒட்டும் என்பதும் மூன்று தனித்தனிச் செய்திகள். ஸ்கேன் முதலாவதை மட்டுமே சொல்கிறது. வயதாலும் உழைப்பாலும் மெல்லத் தேய்ந்து கிழிந்த தோளுக்கு மூன்று மாத முறையான உடற்பயிற்சியே முதல் சிகிச்சை, விழுந்து கிழிந்த தோளுக்கு அந்தக் காத்திருப்பு கூடாது என்பதே கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு. அந்த முடிவுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை. அவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தோள்மூட்டு உடம்பிலேயே மிக அதிகமாக அசையும் மூட்டு. அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை, எலும்பின் பிடிப்பு அங்கே குறைவு. பெரிய உருண்டை ஒன்று சிறிய ஆழமற்ற குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதை நடுவில் நிறுத்திவைப்பவை தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு தசைகள். அவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பின்னி, கையெலும்பின் தலையைத் தொப்பி போல மூடிக்கொண்டு அதில் ஒட்டுகின்றன. இவற்றில் மேலே இருக்கும் தசைநாண்தான் அதிகம் கிழிவது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. கையைத் தலைக்கு மேல் தூக்கும் ஒவ்வொரு முறையும் இழுவிசை அதன்மேல்தான் விழுகிறது. ஐம்பதைத் தாண்டியதும் அதன் இழைகளின் அடுக்கே சீர்குலையத் தொடங்குகிறது. மேலே இருக்கும் எலும்பு முனை உரசுவதால்தான் கிழிகிறது என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் வாதிட்டார். அந்த எலும்பைச் செதுக்கிவிட்டால் போதும் என்ற அறுவை அதன்பின் உலகமெங்கும் பரவியது. 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, தசைநாண் முழுதாகக் கிழியாத 313 பேரை மூன்று பிரிவாக்கியது: ஒரு பிரிவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள், இன்னொரு பிரிவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடினார்கள், மூன்றாம் பிரிவுக்கு எதுவுமே செய்யவில்லை. செதுக்கியதற்கும் செதுக்குவதுபோல் செய்ததற்கும் வேறுபாடு இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையோடு செய்யப்பட்ட ஒரு அறுவைக்கு வந்த முடிவு இது. கிழிசலைத் தைக்கும் அறுவை இதே ரகம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இதே சோதனையை எதிர்கொள்ள வேண்டும் என்றே சொல்கிறேன்.

முதலில், கிழிசல் எவ்வளவு சாதாரணம் என்பதைப் பார்க்கலாம். ஜப்பானில் ஒரு கிராமத்து மக்கள் 664 பேரின் தோள்களை அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்த மினகாவா குழுவினர் 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முழுக் கிழிசல் இருந்தவர்கள் 22.1 சதவீதம். ஐம்பதுக்குக் கீழே யாரிடமும் இல்லை, எழுபதுகளில் 26.5 சதவீதம், எண்பதுகளில் 36.6 சதவீதம். கவனிக்க வேண்டியது அடுத்த எண்: கிழிசல் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலியே இல்லை. தோள்வலி என்றே சொல்லாத 411 பேரைப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், எண்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குக் கிழிசல் இருந்தது. அமெரிக்காவில் யமகுச்சி குழுவினர் ஒரு பக்கத் தோள் மட்டும் வலிக்கும் 588 பேரின் இரண்டு தோள்களையும் பார்த்தார்கள். கிழிசல் இல்லாதவர்களின் சராசரி வயது 48.7, ஒரு தோளில் கிழிந்தவர்களுக்கு 58.7, இரண்டிலும் கிழிந்தவர்களுக்கு 67.8. பத்துப் பத்து ஆண்டாக ஏறும் இந்த வரிசை, வயது என்ன செய்கிறது என்பதை அப்பட்டமாகக் காட்டுகிறது. வலிக்கும் தோளை மட்டும் ஸ்கேன் எடுத்துவிட்டு, வலிக்காத தோளையும் எடுத்தால் அதே அறிக்கை வரக்கூடும் என்று யாரும் பெரியவர்களுக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும்.

அடுத்த கேள்வி, வலியும் கிழிசலும் சேர்ந்தே இருக்கும்போது தைப்பவருக்கும் தைக்காதவருக்கும் என்ன ஆகிறது என்பது. இதற்கு நேரடியான விடை, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகளிலிருந்துதான் வர முடியும். பின்லாந்தில் குக்கோனன் குழுவினர் 55 வயதைத் தாண்டிய, அடிபடாமல் கிழிந்த 180 தோள்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும். ஒரு பிரிவுக்கு எலும்பைச் செதுக்கிப் பயிற்சி. ஒரு பிரிவுக்குத் தசைநாணைத் தைத்து, எலும்பையும் செதுக்கிப் பயிற்சி. ஓராண்டு கழித்து, வலி, அசைவு, வலு, அன்றாட வேலை எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு மதிப்பிடும் ‘கான்ஸ்டன்ட்’ அளவுகோலில் மூன்று பிரிவுகளும் பெற்றவை 74.1, 77.2, 77.9. நோயாளி தன் கையில் உணரக்கூடிய வேறுபாட்டுக்கு அந்த அளவுகோலில் பத்துப் புள்ளியாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இங்கே நான்குகூட இல்லை. இரண்டாம் ஆண்டிலும் கதை மாறவில்லை. நெதர்லாந்தில் 56 பேரோடு நடந்த சிறிய ஆய்வில் தைத்தவர்கள் அதே கான்ஸ்டன்ட் அளவில் சற்று முன்னே இருந்தார்கள். ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவே. இப்படிப்பட்ட ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 1,007 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வு, ஓராண்டில் அறுவையின் கூடுதல் பலன் வலியில் பத்துக்கு ஒரு புள்ளிக்கும் குறைவு என்று கணக்கிட்டது. அமெரிக்காவில் ‘மூன்’ எனப்படும் மருத்துவர் கூட்டமைப்பு, முழுக் கிழிசல் உள்ள 452 பேருக்கு ஒரே மாதிரிப் பயிற்சியை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்தது. எப்போது வேண்டுமானாலும் அறுவை கேட்கலாம் என்ற வாசலும் திறந்தே இருந்தது. இரண்டாண்டு முடிவில் அறுவைக்குப் போனவர்கள் கால் பங்குக்கும் குறைவு. போனவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் போய்விட்டார்கள். யார் போனார்கள் என்று ஆராய்ந்தபோது, கிழிசலின் அளவைவிட, ‘பயிற்சியால் எனக்குச் சரியாகும்’ என்ற நம்பிக்கை இல்லாமல் வந்தவர்கள் என்பதே வலுவான காரணமாக நின்றது. மருத்துவர் முதல் நாளில் சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கண்டுபிடிப்பு எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இல்லை.

தைப்பதன் உள்விவகாரம் இன்னும் வியப்பானது. நுண்துளை வழியாகக் கேமராவை விட்டு, எலும்பில் நங்கூரம் போன்ற சிறு திருகுகளைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் தசைநாணை எலும்போடு இழுத்துக் கட்டுவதுதான் இன்றைய முறை. நூலும் திருகும் மிக உறுதியானவை. பிரச்சினை அவற்றில் இல்லை. நைந்த துணியில் எவ்வளவு நல்ல நூலால் தைத்தாலும் தையலுக்குப் பக்கத்தில் துணிதானே விடும்! பிரான்சில் புவலோ குழுவினர் தைத்த 65 தோள்களை 2005இல் பரிசோதித்தபோது மொத்தத்தில் 71 சதவீதம் ஒட்டியிருந்தது; 65 வயதைக் கடந்தவர்களில் மட்டும் எடுத்தால் 43 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு, பெரிய கிழிசல்களைத் தைத்த 18 பேரில் 17 பேருக்கு ஓராண்டில் மறுபடி விட்டுப்போனதைக் கண்டது. பிரிட்டனில் ஐம்பதைத் தாண்டிய 273 பேரோடு நடந்த ‘யூகஃப்’ ஆய்வு, திறந்து தைப்பதற்கும் நுண்துளையில் தைப்பதற்கும் பலனில் வேறுபாடு இல்லை என்றது. ஸ்கேனில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் ஒட்டாமலோ மறுபடி கிழிந்தோ இருந்ததையும் பதிவு செய்தது. ஆனால் ஒட்டியவர்களைப் போலவே, அவர்கள் அளவுக்கு இல்லையென்றாலும், ஒட்டாதவர்களும் வலி குறைந்து நன்றாகவே இருந்தார்கள். அந்த 17 பேரிலும் பெரும்பாலோருக்கு வலி குறைந்திருந்தது. தையல் விட்டும் வலி போகிறது என்றால் போக்கியது எது? கை தூளியில் கிடந்த ஆறு வார ஓய்வா, அதன்பின் மாதக்கணக்கில் செய்த பயிற்சியா, காலத்தின் போக்கா, பெரிய சிகிச்சை நடந்தது என்ற மனநிறைவா? நான் மேலே சொன்ன, தைத்தவரையும் தைக்காதவரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எந்தச் சிகிச்சை தனக்குக் கிடைத்தது என்பது நோயாளிக்குத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. அறுவையின் பக்கம் சாய்ந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு புள்ளிகளிலும் இவற்றின் பங்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

கிழிந்த தசைநாண் தானாக ஒட்டாதே, பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்று கேட்பது நியாயம். ஒட்டுவதில்லை, ஒட்ட வேண்டியதுமில்லை. மேலே இருக்கும் தசைநாண் கிழிந்தாலும் முன்னும் பின்னும் உள்ளவை உருண்டையைக் குழியின் நடுவில் பிடித்துவைக்க முடிந்தால், வெளியே இருக்கும் பெரிய தோள்தசை கையைத் தூக்கிவிடும். வலியால் மாதக்கணக்கில் அசைக்காத தோளில் அந்தத் துணைத் தசைகள் மெலிந்துவிடுகின்றன, மூட்டுறை இறுகிவிடுகிறது, முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பு தன் தாளத்தை இழந்துவிடுகிறது. இம்மூன்றையும் மீட்பதுதான் பயிற்சி. குனிந்து கையை ஊசலாட விடுவது, மேசைமேல் துணியை வைத்துக் கையை முன்னே தள்ளுவது, படுத்தபடி நல்ல கையின் துணையோடு வலிக்கும் கையைத் தூக்குவது, சுவரில் விரலால் ஏறுவது, பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது என்று படிப்படியாகப் போகும். பிரிட்டனில் லெவி குழுவினர் தைக்கவே வழியில்லாத பெருங்கிழிசல் உள்ள 17 முதியவர்களுக்கு, சராசரி வயது 80, படுத்த நிலையில் தொடங்கும் இத்தகைய பயிற்சியை மட்டும் கொடுத்து, கையைத் தூக்க முடியாதவர்களைத் தலைக்கு மேல் தூக்க வைத்ததை 2008இல் எழுதினார்கள். சிறிய ஆய்வு, ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதது. ஆனாலும் ‘ஜவ்வு போச்சு, கை போச்சு’ என்ற முடிவு தவறு என்பதற்கு அது போதும். இடையில் போடும் ஸ்டீராய்டு ஊசி, வலியைச் சில வாரம் தணித்துப் பயிற்சிக்கு வழிவிடும். அவ்வளவே அதன் வேலை. அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போனால் தசைநாண் மேலும் நைந்துவிடும். சர்க்கரை உள்ளவருக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரையும் ஏறும்.

இனி மறுப்புகள். முதலாவது, மிக வலுவானது: ‘இன்று சிறியது, விட்டால் பெரியதாகும், பெரியதானபின் தைக்கவே முடியாது.’ இது கற்பனை அல்ல. அமெரிக்காவில் வலியில்லாத கிழிசல்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த கீனர் குழுவினர், ஐந்தாண்டு அளவில் ஏறத்தாழப் பாதிக் கிழிசல்கள் ஐந்து மில்லிமீட்டராவது வளர்ந்ததைக் கண்டார்கள். நார்வேயில் மோஸ்மாயர் குழுவினர் மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத கிழிசல் உள்ள 103 பேரைத் தைப்பதற்கும் பயிற்சிக்குமாகப் பிரித்து, பத்தாண்டு வரை விடாமல் தொடர்ந்தார்கள். இந்தத் துறையில் அப்படிப்பட்ட பொறுமை அரிது. முதலில் சிறிதாக இருந்த இடைவெளி மெல்ல விரிந்து, பத்தாம் ஆண்டில் தைத்தவர்கள் கான்ஸ்டன்ட் அளவில் 9.6 புள்ளி முன்னே நின்றார்கள். தைக்காமல் விட்ட கிழிசல்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஐந்தாண்டில் பெரிதாகியிருந்தன. பெரிதானவர்களின் நிலையே மோசமாகியும் இருந்தது. பயிற்சியை மட்டும் பேசுபவர்கள் இந்த ஆய்வை ஒதுக்கிவிட்டுப் போவதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பயிற்சிப் பிரிவின் 51 பேரில் ஐந்தாண்டுக்குள் அறுவைக்கு மாறியவர்கள் 12 பேர். மீதி முப்பத்தொன்பது பேர் மாறவில்லை. பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் பலன் யாருக்கு முக்கியம் என்பதில்தான் விடை இருக்கிறது. 58 வயதில், சிறிய கிழிசலோடு, இன்னும் பதினைந்து ஆண்டு பருத்திக் காட்டிலோ கட்டட வேலையிலோ உழைக்க வேண்டியவருக்கு நார்வே முடிவு பெரிதாகப் படவேண்டும். 76 வயதில் தன் சட்டையைத் தானே மாட்டவும், தொழுகையில் தக்பீர் சொல்லிக் கையை உயர்த்தவும், சஜ்தாவிலிருந்து கையூன்றி எழவும் முடிந்தால் போதும் என்பவருக்குப் பின்லாந்து முடிவே பொருந்தும். மூன்று மாதப் பயிற்சியால், தேய்ந்து கிழிந்த தோளில் தைக்கும் வாய்ப்பு கைநழுவிப் போவதில்லை. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்து, வளர்ந்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம். அல்ட்ராசவுண்டுக்கு எம்.ஆர்.ஐ. அளவு செலவும் இல்லை.

இரண்டாவது மறுப்பு, விழுந்தவர்களைப் பற்றியது. இதை மறுப்பு என்பதைவிட என் வாதத்தின் எல்லை என்றே சொல்ல வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த கை, பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகையில் விழுந்தபின்னோ, குளியலறையில் வழுக்கியபின்னோ, திடீரெனத் தூக்க முடியாமல் போனால் அது வேறு நோய். மற்றவர் பிடித்துத் தூக்கினால் கை மேலே போகிறது, தானாகத் தூக்கினால் வரவில்லை என்பது அதன் அடையாளம். நம் ஊர்களில் இங்கேதான் பிழை நடக்கிறது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள், தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது, ‘எலும்பு முறிவு இல்லை’ என்று ஆறுதலோடு அனுப்பிவிடுகிறார்கள். அல்லது நேராகக் கட்டு போடும் இடத்துக்குப் போய், எண்ணெயும் மூங்கில் பட்டையுமாக மூன்று கட்டு, நான்கு கட்டு என்று வாரங்களைக் கழிக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவருக்குத் தோள் நழுவி ஏற்றப்பட்டிருந்தால் கூடவே தசைநாணும் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஏனென்றால் அறுந்து விலகிய தசை சும்மா இருப்பதில்லை. அது உள்ளே சுருங்குகிறது. அதன் இடத்தில் கொழுப்பு படர்கிறது. 1994இல் பிரெஞ்சு மருத்துவர் குத்தாலியே இந்தக் கொழுப்புப் படர்வைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்தார். மூன்றைத் தாண்டிவிட்டால் தைத்தும் பெரிய பயன் இல்லை. தைப்பதால் படர்ந்த கொழுப்பு திரும்பிப் போவதும் இல்லை. அடிபட்டுக் கிழிந்த பெரிய கிழிசலை மூன்று நான்கு மாதத்துக்குள் தைத்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அறுபது வயதானாலும் எழுபதானாலும் இந்தக் கணக்கு மாறாது. சிறிய அடிபட்ட கிழிசல்களில் மட்டும் அவசரம் அவ்வளவு இல்லை: சுவீடனில் 58 பேரோடு நடந்து 2020இல் வந்த ஆய்வில் ஓராண்டு முடிவில் தைத்தவரும் பயிற்சி செய்தவரும் சமமாகவே இருந்தார்கள்.

‘வயதைக் காட்டி முதியவருக்கு அறுவையை மறுக்கப் பார்க்கிறீர்கள்’ என்பது மூன்றாவது மறுப்பு. அப்படியல்ல, பிறந்த தேதி ஒரு தடையே இல்லை. பிரான்சில் எழுபதைத் தாண்டிய 154 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு எலும்பை மட்டும் செதுக்கி, பாதிப் பேருக்குத் தைத்தும் பார்த்த ஃப்ளூரன் குழுவினர், இரு பிரிவும் தேறியதையும் தைத்தவர்கள் கூடுதலாகத் தேறியதையும் 2013இல் அறிவித்தார்கள். ஆக, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இரவு வலி விடவில்லை, கிழிசல் கட்டக்கூடிய அளவில் இருக்கிறது, தசையில் கொழுப்பு படரவில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றால் எழுபத்திரண்டு வயதுக்காரருக்கும் தைப்பது சரியான சிகிச்சையே. சர்க்கரையைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. அந்த நோய் தசைநாணை இறுக வைக்கிறது. தைத்தபின் ஒட்டுவதைக் குறைக்கிறது. கிருமித் தொற்றையும் தோள் இறுகிப்போவதையும் கூட்டுகிறது. தவிர, சர்க்கரைக்காரருக்குக் கிழிசலே இல்லாமல் தோள் இறுகிப்போகும் நோயும் மிகுதி. அவரது ஸ்கேனில் தற்செயலாக ஒரு கிழிசலும் தெரிந்துவிட்டால், இறுக்கத்துக்கு மருத்துவம் பார்க்காமல் கிழிசலைத் தைக்கும் விபரீதம் நேரலாம். பிறர் தூக்கினாலும் கை ஏறவில்லை என்றால் அது இறுக்கம். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனே வேண்டாம், இரண்டு நிமிடம் தோளைத் தொட்டுப் பார்த்தால் போதும். தைக்கும் கட்டம் தாண்டி, மூட்டும் தேய்ந்து, கையைத் தூக்கவே முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பிரான்சின் திஜோன் நகரத்தைச் சேர்ந்த பால் கிராமோன் 1985இல் உருவாக்கிய தலைகீழ் மூட்டில், உருண்டை இருந்த இடத்தில் குழியும் குழி இருந்த இடத்தில் உருண்டையும் பொருத்தப்படுகின்றன. தசைநாண் இல்லாமலே பெரிய தோள்தசை மட்டும் கையைத் தூக்கிவிடும். விலை அதிகம், சிக்கல்களும் உண்டு. எழுபதைக் கடந்து, மற்ற வழிகள் அடைபட்டவர்களுக்கு அது உண்மையான விடுதலை.

நான்காவது மறுப்பு இந்த மண்ணிலிருந்தே எழுவது: ‘பின்லாந்துக்காரர் பிசியோதெரபிக்குப் போவார், வெள்ளாற்றங்கரைக்காரர் வாரம் இரண்டு முறை பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்வர முடியுமா? ஒரேயடியாக அறுவை செய்துவிட்டால் கதை முடியுமே?’ கதை அங்கே முடிவதில்லை, தொடங்குகிறது. தைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்க வேண்டும்; குளிக்கவும், சோறு பிசையவும், புடவையோ துப்பட்டியோ சுற்றவும் இன்னொருவர் வேண்டும். அதன்பின் அறுவை இல்லாமல் செய்திருக்க வேண்டிய அதே பயிற்சியை, இன்னும் கவனமாக, இன்னும் நீண்ட காலம் செய்ய வேண்டும். பாரம் தூக்க ஆறு மாதமாகும். ஆண் பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் இருக்க, பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் இந்த ஊரில் உண்டு. அங்கே ஒருவர் கை தூளியில் ஏறினால் அறுபத்தெட்டு வயது மனைவியின் தோள்மேல் வீட்டு வேலை முழுவதும் விழுகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கோ ஆறு மாதச் சம்பளம் போய்விடும். பயிற்சிக்குப் போக வழியில்லாதவருக்கு அறுவையும் பலன் தராது. பயிற்சி இல்லாத தையல், இறுகிப்போன தோளில்தான் முடியும். ஆகவே இந்த மறுப்பு உண்மையில் அறுவைக்கு ஆதரவானதல்ல. பயிற்சியை வீட்டருகே கொண்டுவா என்ற கோரிக்கை அது. அதே மறுப்பை உழைக்கும் தோள்களுக்காக எழுப்பினால் மட்டும் அதில் ஒரு நியாயம் உண்டு. ஐரோப்பிய ஆய்வுகள் நம் ஊர் உழைப்பாளிகளிடம் நடந்தவை அல்ல. தலைச்சுமைக்குக் கை கொடுத்து நாற்பதாண்டு உழைத்த புல்லுக்கட்டுக்காரியின் தோளுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. அவருக்கு மூன்று மாதம் முடிந்ததும் மறுபரிசீலனை கறாராக நடக்க வேண்டும்.

அந்தக் கோரிக்கைக்குத் தமிழ்நாட்டில் பாதி வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருவதோடு, இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் முதலிடம் கொடுப்பது சரிதான். ஆனால் தோள் பயிற்சிக்கு அவர் வாராவாரம் வரவேண்டியதில்லை. முதல் நாள் கற்றுக்கொடுத்து, மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் பார்த்து, பன்னிரண்டாம் வாரம் கை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தால் பெரும்பாலோருக்குப் போதும். மற்ற நாட்களில் ஒரு குச்சி, ஒரு துண்டு, ஒரு சுவர் போதுமானவை. முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் காப்பீடானாலும், பணம் பெரும்பாலும் மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சைத் தொகுப்புக்கே போகிறது. பன்னிரண்டு வாரம் வீட்டில் கை அசைத்ததற்கு யாரும் பில் போடுவதில்லை. எந்த மருத்துவர் மீதும் பழி சுமத்தாமலே சொல்லலாம், பணம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் சிகிச்சையும் சாயும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனை இரண்டின் எலும்புப் பிரிவுகளும் சேர்ந்து எளிய விதி ஒன்றை வகுத்துக்கொண்டால் இரு மாவட்டத்துக்கும் போதும். விழுந்தபின் கை தூக்காதவருக்கு இரண்டு வாரத்துக்குள் அல்ட்ராசவுண்டு. விழாமல் வலி வந்தவருக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் பன்னிரண்டு வாரப் பயிற்சியும். அதன் பிறகும் தேறாதவருக்கே எம்.ஆர்.ஐ.யும் அறுவை பற்றிய பேச்சும். அந்தப் பேச்சு நடக்கும் அறையில், அறுபத்தைந்தைத் தாண்டியவரிடம் தையல் ஒட்டும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி, ஒட்டாவிட்டாலும் வலி குறையும் வாய்ப்பு நல்லது, கை தூளியில் இருக்கும் ஆறு வாரமும் வீட்டில் யார் துணை என்ற மூன்றையும் கையெழுத்து வாங்குமுன் சொல்லிவிட வேண்டும்; பிள்ளை வெளிநாட்டிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் சேர்த்து.